மூன்றாம் தட்டில் வைத்த கல்

ஜூலை 3, புதன்

கல்லுக்கு ஒரு நோட்டு, எனக்கு ஒரு நோட்டு. அது ஆபீஸ் சொத்து. இது என் சொத்து, இதில் நான் நினைத்ததை எழுதுவேன்.

கல்லைக் கண்டுபிடித்தவன் நான். கரட்டு மேட்டில் துளை போட்டு எடுத்த கற்கள் எட்டு மாதமாகப் பெட்டியில் கிடந்தன. ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் என்று இருப்பது நான் ஒருவன்தான். ஜனவரியில் ஒவ்வொன்றாகப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டிக்கொண்டு வந்தபோது, நூற்றுப் பன்னிரண்டாவது கல்லில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக எரிந்தது. விளக்கை அணைத்தால் ஒன்றுமில்லை, சாதாரண மஞ்சள். அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது. பீங்கான் ஓட்டில் தேய்த்தால் வெளிர்மஞ்சள் தூள். கதிர்வீச்சை அளக்கும் கவுண்டர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் மழைக்காலத் தவளை மாதிரி விடாமல் கத்துகிறது. யுரேனியம் இருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

மங்கையர்க்கரசி மேடம் கல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நம்ம பட்டியல்லயே இல்லாததுண்ணா" என்று குதித்தாள். மன்னார்குடிப் பக்கத்துப் பெண், முப்பத்துநாலு வயது, டாக்டர் பட்டம் வாங்கியவள். என்னை விட இருபத்திரண்டு வயது சின்னவள், எனக்கு அதிகாரி.

இன்று அவள் எழுதிய கட்டுரையின் படியைப் பார்த்தேன். பதினோரு பக்கம். மேலே அவள் பெயர், அதற்குக் கீழே தலைமை அதிகாரி பரசுராமன் சார் பெயர். அவர் கல்லைத் தொட்டதுகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் கடைசி வரியில் "உதவிய டெக்னீஷியன் திரு. அர்த்தநாரிக்கு நன்றி."

நன்றி!

ஜூலை 5, வெள்ளி

எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் கூடக் காயுது என்பார்கள். முப்பத்தோரு வருஷம் காய்ந்திருக்கிறேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. பாவாயிக்கு முழங்கால் வலி, தைலம் வாங்க வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

எக்ஸ்ரே முடிவு வந்தது. உலகத்தில் இதுவரை தெரிந்த எந்தக் கனிமத்தின் எக்ஸ்ரே பதிவு அட்டையோடும் ஒத்துப்போகவில்லை. புதுசுதான். மேடம் இனிப்பு வாங்கிவந்து கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் ஒரு துண்டு கையில் வைத்தாள். தின்றேன்.

பெயர் வரிசையைப் பற்றிக் கேட்டேன். "தலைமையகத்துல அப்படித்தாண்ணா வழக்கம், டெக்னீஷியன் பேரைக் கட்டுரையில போடமாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். உண்மையாக இருப்பதால் கோபம் குறைந்துவிடுமா?

ஒருத்தி அதிகமாகக் கதிர்வீச்சு வாங்கிவிட்டால் ஆறு மாதத்துக்கு அந்த வேலையைத் தொட விடமாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. சும்மா எழுதிவைக்கிறேன்.

ஜூலை 10, புதன்

அலமாரி ஒழித்தேன். கதிரைத் தடுக்கும் ஈயப் பெட்டியில் இடம் பற்றவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் கல்லைத் தட்டோடு எடுத்து மர அலமாரியில் மூன்றாம் தட்டில், முதுகோரமாகத் தள்ளி வைத்தேன்.

அந்த அலமாரியின் முதுகில்தான் பேட்ஜ் பலகை மாட்டியிருக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ். நம் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் பம்பாயில் படித்துச் சொல்வார்கள். மாலை ஆறு மணிக்குக் கழற்றிப் பலகையில் மாட்டினால் காலை ஒன்பதுக்குத்தான் எடுப்போம். மேடம் பேட்ஜ் மாட்டும் ஆணி மூன்றாம் தட்டுக்கு நேராக இருப்பது தற்செயல்.

ஒப்பீட்டுக்காக யாரும் அணியாமல் வைத்து, அதில் ஏறியதை மற்றவற்றிலிருந்து கழிக்கும் பேட்ஜ் ஒன்று உண்டு. அதைப் பலகையிலிருந்து ஆபீஸ் அறை பீரோவுக்கு மாற்றினேன். கதிர்வீச்சு இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் விதி.

ஜூலை 11, வியாழன்

என் பேட்ஜை இனிமேல் வீட்டுக்கு எடுத்துப்போவதாக முடிவு. பலகையில் இருந்தால் தொலைந்துபோகும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கல் காய்கிறது. இந்தக் கனிமத்தின் உடம்புக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. வறண்ட காற்று பட்டால் அந்தத் தண்ணீரை விட்டுவிடும், பிறகு விரிசல் விட்டுத் தூளாகும். இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தாலும் பழையபடி ஆகாது. ஓரத்தில் இரண்டு செதில் உதிர்ந்திருக்கிறது. மூடி போட்டு வைத்தேன்.

கவுண்டரைப் பலகைக்கு முன்னால் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். வெறும் ஆர்வம். முள் பாதிக்கு மேல் போனது.

செப்டம்பர் 17, செவ்வாய்

மேடம் மதியம் சாப்பிடவில்லை. டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். "அண்ணா, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். ஆபீஸ்ல வேற யாருக்கும் தெரியாது" என்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு. ஏழு வாரம்.

எவ்வளவு கோயில், எவ்வளவு டாக்டர் என்று அவள் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அவள் போட்ட லீவுக் கடிதங்களை எல்லாம் பதிவேட்டில் ஒட்டியவன் நான்தானே.

"இனிமே நான் இந்தக் கூடத்துக்குள்ள வரமாட்டேண்ணா. கல்லு உங்க பொறுப்பு. மிச்ச வேலைய நீங்களே முடிச்சிருங்க, உங்களைவிட அதைத் தெரிஞ்சவங்க யாரு?"

சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள். பேட்ஜைக் கழற்றிப் பலகையில் மாட்டிவிட்டுப் போனாள்.

நான் கேட்காமலேயே கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் பொறுத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 18, புதன்

முதல் வேலையாகக் கல்லை ஈயப் பெட்டிக்குள் வைத்தேன். இடம் இருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

பேட்ஜ்களைக் கட்டி அனுப்பும் நாள். மொத்தம் நான்கு: என்னுடையது, மேடத்தினுடையது, வருஷம் முழுவதும் மேசை டிராயரிலேயே தூங்கும் பரசுராமன் சாருடையது, ஒப்பீட்டு பேட்ஜ்.

மேடத்தின் பேட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தொலைந்துவிட்டது என்று எழுதலாம். எழுதினால் பேட்ஜ் பொறுப்பாளனான நான் விளக்கம் கொடுக்க வேண்டும், மெமோ வரும். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது மெமோவா? எவ்வளவு ஏறியிருக்கப்போகிறது, கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டி அரக்கு வைத்துத் தபாலில் சேர்த்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

பாவாயி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு மேடத்துக்குக் கொடுத்தனுப்பினாள். "மசக்கைல வாய்க்கு நல்லாருக்குமுங்க, குடுங்க" என்றாள். ஆபீஸ் அறையில் இருக்கும் மேடத்தின் மேசையில் வைத்தேன். ஜாடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கிக்கொண்டே ஃபைல் பார்த்தாள். முகம் தெளிந்திருக்கிறது. கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டாள்.

கல்லின் எடை இன்று மறுபடி பார்த்தேன். தண்ணீர் போனதால் குறைந்திருக்கிறது.

நவம்பர் 6, புதன்

பதினொரு மணிக்கு பம்பாயிலிருந்து டிரங்க் கால். பேசியவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரியும். மேடத்தின் பேட்ஜில் பதிவான கதிர்வீச்சு இருபத்துநான்கு மில்லிசீவர்ட். வேலை பார்க்கிறவனுக்கே ஒரு வருஷத்துக்கு இருபதுதான் எல்லை. கர்ப்பிணி வயிற்றுக்கு ஒன்றோ இரண்டோ.

"அவங்க கர்ப்பமா இருக்காங்கன்னு சொல்றீங்களே, அப்ப நான் கேக்கறதுக்குச் சரியா பதில் சொல்லணும்" என்றார். "பேட்ஜ் ராத்திரியில எங்க மாட்டியிருக்கும்? பக்கத்துல ஏதாவது கல்லு, சாம்பிள் இருந்துச்சா? அப்படின்னா அந்த நம்பர் உடம்புக்குப் பட்டது இல்ல. நான் அதைக் கணக்குலேர்ந்து அடிச்சிடுவேன். ஒரு வார்த்தை போதும்."

பரசுராமன் சார் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பிள் எல்லாம் ஈயப் பெட்டியிலதாங்க இருக்குது" என்றேன்.

இருக்கிறது என்றுதான் சொன்னேன். இருந்தது என்று சொல்லவில்லை. அது பொய் இல்லை என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதின பிறகு எனக்கே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

மேடம் வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஈரோட்டிலிருந்து மகள் குடும்பம் வந்தது. பேரன் கம்பி மத்தாப்பைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே காட்டினான். திட்டிவிட்டேன், அழுதுவிட்டான்.

நவம்பர் 12, செவ்வாய்

மேடத்தின் வீட்டுக்காரர் கதிரேசன் ஆபீசுக்கு வந்தார். பஸ் கம்பெனியில் டைம் கீப்பர், அதிர்ந்து பேசாத மனுஷன். சவரம் செய்யாத முகம். பரசுராமன் சார் இல்லை, நான்தான் உட்காரவைத்தேன்.

"சார், எனக்கு இந்த நம்பர் எல்லாம் புரியல. அவ சொல்றா, நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன், எப்படி இவ்வளவு ஏறும்னு. ராத்திரியெல்லாம் தூங்கல. ஆகஸ்ட் மாசம் எந்தெந்தக் கல்லைத் தொட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி எழுதிக் கிழிக்கிறா."

"டாக்டர் என்னங்க சொல்றாரு?"

"மதுரையில ஒருத்தர், பெரிய படிப்பு படிச்சவரு, இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமாப் பெத்துக்கோங்கன்னாரு. இங்க பாக்குற அம்மா, யுரேனியம்னா நான் உத்தரவாதம் தரமாட்டேன், புள்ள ஊனமாப் பொறந்தா என்னைக் கேக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கம்மா அதையே புடிச்சுக்கிட்டாங்க." பிறகு என் கையைப் பிடித்தார். "நீங்க முப்பது வருஷமா இதுல இருக்கீங்க. அந்த நம்பர் தப்பா இருக்குமா சார்? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எங்கம்மாகிட்ட சண்டை போட்டுக்கறேன்."

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. பரசுராமன் சார் இறங்கினார்.

"மதுரைக்காரர் சொன்னதைக் கேளுங்க" என்றேன். "அவசரப்படாதீங்க. திங்கக்கெழமை வரைக்கும் ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க."

"திங்கக்கெழமை என்ன?"

"நான் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றேன்."

நவம்பர் 14, வியாழன்

பரசுராமன் சாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன். தவறுதலாக வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். தவறுதல் என்றால் மெமோவோடு போகும். ஒப்பீட்டு பேட்ஜை ஏன் அன்றைக்கே இடம் மாற்றினாய் என்று கேட்டால்? உன் பேட்ஜை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனாய் என்று கேட்டால்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

நவம்பர் 16, சனி

ரேஷனில் மண்ணெண்ணெய் போட்டார்கள். இரண்டு மணி நேரம் வரிசை. திங்கட்கிழமை சொல்லவேண்டிய வாக்கியத்தை நின்றபடியே மனப்பாடம் செய்தேன். தவறுதலாக என்று ஆரம்பிப்பதுதான் நல்லது.

நவம்பர் 18, திங்கள்

நேற்று முன்தினமே முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியில். பரசுராமன் சார் சொன்னார்.

நவம்பர் 19, செவ்வாய்

பாவாயியிடம் சொன்னேன், குழந்தை போனதை மட்டும். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, ஏழு வருசம் தவங் கெடந்த புள்ளைங்க. எந்தப் பாவி கண்ணு பட்டுதோ" என்று அழுதாள். நான் பல்பு மாற்ற வேண்டும் என்று ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனேன். பல்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

ஒரு தடவையாவது நேராக எழுதுகிறேன். இந்த நோட்டைப் படிக்கப்போகிறவன் நான் ஒருவன்தான், எனக்கே மழுப்பி என்ன ஆகப்போகிறது?

ஈயப் பெட்டியில் ஜூலையிலும் இடம் இருந்தது. மேடத்தின் ஆணிக்கு நேர் பின்னால் வரும்படி கல்லை அடிக்குச்சி வைத்து அளந்து வைத்தேன். பேட்ஜில் அளவு தாண்டினால் அவளை ஆறு மாதம் ஒதுக்கிவைப்பார்கள், கட்டுரை என் கைக்கு வரும் என்பதுதான் என் கணக்கு. அவள் மேல் ஒரு துளி கதிர்கூடக் கூடுதலாகப் படாது, பிளாஸ்டிக்குத்தான் படும், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். அப்போது வயிற்றில் பிள்ளை இல்லை. இது மட்டும்தான் எனக்கு இருக்கும் ஒரே சமாதானம். ஆனால் செப்டம்பர் முப்பதாம் தேதி பிள்ளை இருந்தது. நவம்பர் ஆறாம் தேதி இருந்தது. பன்னிரண்டாம் தேதி அவள் புருஷன் என் கையைப் பிடித்தபோதும் இருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

பம்பாயிலிருந்து பதிவுத் தபால். பேட்ஜுக்குள் இருக்கும் வில்லைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கதிர்கள் முன்பக்கத்திலிருந்து வரவில்லை, முதுகுப் பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. உடம்பில் குத்தியிருந்தால் அப்படி வராது. ஆகவே அணியாத நேரத்தில் பட்டதா என்று பேட்ஜ் பொறுப்பாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் அந்த எண் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். இல்லையென்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி ஏற்றுக் கையெழுத்திட, அது ஆயுள் முழுவதும் அவர் கணக்கில் நிற்கும்.

உட்கார்ந்து எழுதினேன். ஒரே பக்கம். தவறுதலாக என்ற வார்த்தை இல்லாமல் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அவளிடம் கொடுக்க வேண்டும். வேலை போகட்டும், ஜெயிலில் போடட்டும். என் வாழ்நாளில் இவ்வளவு லேசாக நான் இருந்ததில்லை.

டிசம்பர் 11, புதன்

மேடத்தின் வீடு. மாமியார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேடம் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்றேன்.

கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கையை வைத்தபடியே உட்கார்ந்தேன்.

"பரசுராமன் சார் போன்ல சொன்னாரு. அந்த நம்பரைப் பத்தி பம்பாயிலேர்ந்து ஏதோ கேட்டு எழுதியிருக்காங்களாமே?" என்றாள்.

"ஆமாம்மா."

"எதுக்குண்ணா இப்ப போயி?" என்றவள் கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ஆம்பளப் புள்ளண்ணா. நான் கேக்கவே இல்ல, அந்த நர்சுதான் சொன்னா. வெரலெல்லாம் வந்திருந்துச்சாம். மதுரை டாக்டர் வேணாம்னாரு. நான்தான் கடைசியில சரின்னு தலையாட்டுனேன். அவரு இல்ல, எங்க அத்தை இல்ல. நான். காலையில கண்ணு முழிச்சதும் அதான் ஞாபகம் வருது. ஒடனே இருபத்துநாலு, இருபத்துநாலுன்னு சொல்லிக்குவேன். காரணம் இருந்துச்சு, நான் சும்மா கொல்லலன்னு சொல்லிக்குவேன். அது ஒண்ணு இருக்கறதாலதாண்ணா எந்திரிச்சு பல்லு வெளக்குறேன்."

சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"பேட்ஜை நான் போட்டுக்காதப்ப பட்டிருக்குமோன்னு கேக்கறாங்களாம். அப்படி இல்லதானே அண்ணா? நீங்கதானே அங்க இருந்தீங்க. இல்லதானே?"

அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"இல்லம்மா" என்றேன்.

மாமியார் காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். பஸ் ஸ்டாண்டில் கடிதத்தைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அவளுக்காகத்தான் கிழித்தேன் என்று எழுதலாம். அது பாதி உண்மை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, அப்பாடா, தப்பித்தேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் உண்மை. இரண்டில் எது பெரிய பாதி என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

பம்பாய்க்குப் பதில் போட்டேன். "சாம்பிள் எதுவும் அருகில் இல்லை."

டிசம்பர் 23, திங்கள்

மேடம் வந்தாள், ராஜினாமாக் கடிதத்தோடு. பரசுராமன் சார் எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை. கட்டுரையின் புதுப் படியை என் மேசையில் வைத்தாள். என் பெயர் முதலில் இருந்தது, அவள் பெயரே இல்லை. "தலைமையகத்துல சண்டை போட்டேண்ணா. கல்லு உங்களோடது. மொதல்லயே போட்டிருக்கணும், எனக்குத்தான் அப்ப புத்தியில்ல" என்றாள்.

அந்தப் படியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

பிறகு பம்பாயிலிருந்து வந்திருந்த படிவத்தை எடுத்தாள். இருபத்துநான்கு மில்லிசீவர்ட் என் உடம்பில் பட்டது என்று ஒப்புக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே, நிறுத்தி நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் விரலை வைத்துப் படிவத்தை என் பக்கம் திருப்பினாள். "நீங்க போடுங்கண்ணா. எனக்கு இங்க வேற யாரு இருக்கா?"

போட்டேன்.

மை காயும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே இந்த நம்பரை யாரும் மாத்த முடியாதுல்ல அண்ணா?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா" என்றேன்.